விளிம்பில் ஒரு பெயர்

ஜேர்மனியின் கொலோன் நகரத்து வீட்டுச் சமையலறை மேசையில், யன்னல் வெளிச்சத்தில், பழைய சுவீடன் இராணுவ வெள்ளிப் பதக்கம் ஒன்று கறுத்துப்போய் இருக்கிறது. விளிம்பில் வெட்டிய பெயர் தெரிந்தால்தான் அதைப் பெற்ற வீரரைப் பழைய பதக்கங்கள் சேகரிக்கும் கிருபன் தேட முடியும். பூதக்கண்ணாடிக்குள்ளும் தேய்ந்த கீறல்கள்தான். இப்போது அவன் மனைவி பிரபாலினி, வெள்ளிச் செம்பைத் துலக்குவதுபோல், அந்த விளிம்பில் திருநீறு போட்டுத் தேய்க்கிறாள். "ஐயோ, விடுமப்பா! இருக்கிற எழுத்தும் அழிஞ்சு போயிடும்!" என்று ஓடிவருகிறான் கிருபன். "வெள்ளிக்குத் திருநீறு போடாமல் வேறென்ன போடுறது? கத்தாமல் இஞ்ச பாருங்கோ." கறுத்த விளிம்பின் பள்ளங்களில் வெண்ணீறு தங்கியிருக்கிறது. முதலில் ஓர் எழுத்து, அடுத்து ஒரு புள்ளி, பிறகு நீளமான குடும்பப் பெயர். "ஆராம் ஆள்? சொல்லுங்கோவன்!" கிருபன் கையை மட்டும் அசைக்கிறான். வாயைத் திறந்தால், மூச்சுப் பட்டு நீறு பறந்துவிடும்.