குட்டைக் கோரை

ஆறு கடலோடு சேரும் கரையில், டோரீன் என்ற பழங்குடிப் பெண் தன் குலத்தாரின் முறைப்படி கோரையில் கூடை முடையப் பழகிக்கொண்டிருந்தாள். அறுத்து வந்த கோரைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவற்றின் நடுவே குட்டைக் கோரை ஒன்றும் கிடந்தது.

"உன்னை யாரடி சேர்த்தது? இரண்டு தையலுக்குக்கூட வரமாட்டாய். நீ அடுப்புக்குத்தான்" என்றது நெட்டைக் கோரை.

ஈரத்துணிக்குள்ளேயே குட்டைக்கு உடம்பு காய்ந்துபோயிற்று.

டோரீன் நெட்டையை எலும்பு ஊசியில் கோத்தாள். கோரைக் கத்தையை வட்டமாக வளைத்து, அதன்மேல் நெட்டையைச் சுற்றிச் சுற்றித் தைத்தாள். புதுக் கை அல்லவா, இழுத்த இழுப்பில் நெட்டைக்கு மூச்சு முட்டியது. கத்தையில் அவ்வப்போது கோரை சேர்க்க வேண்டும் என்பதையும் மறந்துவிட்டாள். கத்தை மெலிந்து மெலிந்து எலிவாலாயிற்று.

"ஐயோ, சுற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லையே! நான் அவிழ்ந்துவிடுவேன்!" என்று நெட்டை அலறியது.

"கத்தாதே. கத்தைக்கு வயிறு காலி, அவ்வளவுதான்" என்றது ஊசி. "ஏ குட்டை, இப்படி வா."

டோரீனும் அப்போதுதான் கவனித்தாள். துணிக்குள் துழாவியபோது குட்டைதான் கைக்கு வந்தது. உள்ளே வைக்க அந்த நீளம் போதும். செருகினாள். கத்தை பருத்தது. நெட்டை அதன்மேல் இறுகச் சுற்றிக்கொண்டது.

உள்ளே குட்டைக்கு இருட்டாக இருந்தது. கதகதப்பாகவும் இருந்தது.

"கொஞ்சம் தள்ளித்தான் படேன்" என்றது நெட்டை.

"எங்கே தள்ளுவது அக்கா? நீதானே என்னைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்" என்றது குட்டை.