ரின்பால் பேணி

பொருளாதாரத் தடையால் இணுவில் சனம் சீனிக்கே ஆலாய்ப் பறந்த காலம். பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்கு முன்னால், இனிப்பான கட்டிப்பால் அடைத்து வரும், நெளிந்துபோன ரின்பால் பேணியொன்றைப் பெருமையோடு வைத்தாள் பெண்ணின் தாய் குணலட்சுமி.

"தேத்தண்ணிக்கு ரின்பால் விடட்டே, அக்கா?"

மாப்பிள்ளையின் தாய் கனகாம்பிகை பேணியை ஒருதரம் பார்த்தாள்.

"வேண்டாம். வெறுந்தேத்தண்ணி காணும்."

"எனக்கெண்டா…" என்று வாயெடுத்த கணவர் மார்க்கண்டுவின் காலை மிதித்தாள்.

"இவருக்குச் சீனி வருத்தம். இனிப்புக் கூடாது."

வாசல் படலை தாண்டியதும் மார்க்கண்டு வெடித்தார். "எனக்கு எப்பவடி சீனி வருத்தம் வந்தது?"

"கத்தாதையுங்கோ. அது வெறும் பேணி."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"எங்கடை மூத்தவளைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு நான் மேசையிலை வைச்ச அதே நெளிஞ்ச பேணிதான். பிறகு பக்கத்துவீட்டுத் தங்கமுத்தக்கா இரவல் வாங்கினவ. கைமாறி இஞ்சை வந்திட்டுது."

"அப்ப அண்டைக்கும் வெறும் பேணியோ? வந்தவை பால் கேட்டிருந்தா?"

"ஆர் கேட்டது? அவையும் வேண்டாமெண்டிட்டினம். குடும்பத்திலை எல்லாருக்கும் சீனி வருத்தமாம்."

சொல்லி முடித்த கனகாம்பிகை நடுறோட்டில் அப்படியே நின்றுவிட்டாள்.