பதினாறு நட்டு

இன்னிக்கும் அந்தப் பெரியவரு வந்துட்டாரு.

பேரு நீலமேகம். வயசு எழுவது இருக்கும். சனிக்கிழமையானா எண்ணூர்லேர்ந்து இருவது வருசத்துப் பழைய காரை ஓட்டிகினு திருவொத்தியூருக்கு வந்துடுவாரு. எதுக்கு? ஞானதுரை கடையில வீல் நட்டு டைட் பண்ண.

நான் எதிர்ல இட்லி வண்டி போட்டுகினு கீறேன். ராஜாத்தி வண்டின்னா தெரியும்.

ஞானதுரை பழைய அலாய் வீல் வாங்கி விக்கிறவன். பெரியவரு காருல இருந்த இரும்பு வீலை உப்புக்காத்து அரிச்சுப் போட்டுடுச்சு. மூணு மாசம் முன்னாடி, வேற காருல இருந்த பழைய வீலை இவன்தான் மாட்டி வுட்டான். நடு ஓட்டை பெருசா கீதுன்னு ரிங்கு போட்டான், அதுக்கேத்த நட்டு தேடிப் போட்டான். வேலையில குத்தம் சொல்ல மாட்டேன்.

"வேற வீல் மாட்டினா, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை வந்து நட்டை செக் பண்ணிக்கிடுங்க. அத்தோட சரி." வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்டித்தான் சொல்றான். என் காதால கேட்டுகினு கீறேன். இவராண்ட மட்டும் வாராவாரம், "அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வந்துருங்கய்யா"ங்கிறான்.

நட்டு சரியா டைட்டா இருந்தா அந்த ஸ்பேனரு 'டிக்'குனு சத்தம் குடுக்கும். பதினாறு நட்டும் வெச்ச ஒடனே டிக்கு டிக்குங்குது. ஒண்ணுகூட அசையல. இருந்தும் ஒரு மணி நேரம் இழுப்பான். அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு டீ குடிப்பாங்க.

வயசான மனுசனை இப்டியா அலைய வுடறது? போன வாரம் அவரு கெளம்புனதும் நேரா போய் கேட்டுட்டேன்.

"இன்னா தொரை, ஒரு தபா போதும்னு ஊருக்கெல்லாம் சொல்ற. அவரு உனக்கு இன்னா பாவம் பண்ணாரு?"

ஞானதுரை ஸ்பேனரைத் தொடச்சுகினே சொன்னான்.

"பொஞ்சாதி செத்த பொறவு அவருக்கு வீட்டுல பேச ஆளு இல்லக்கா. மொத தடவை நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னேன். போறதுக்கு ஒரு எடம் இல்லாம, எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் நாலு தடவை போயிட்டு வந்து, நூறு ஆயிட்டுன்னு நிக்காரு. போதும்னு சொல்ல எனக்கு மனசு வரல."

வண்டியாண்ட திரும்பிட்டேன். ஆனா வூட்டுக்குப் போயும் அதே நெனப்பு. அதுக்குப் பொய் சொல்லணுமா? உள்ளதைச் சொன்னா வர மாட்டாரா?

இன்னிக்கு ஞானதுரை வேற காருல வேலையா இருந்தான். பெரியவரு என் வண்டியாண்ட வந்து நின்னாரு. மெதுவா சொன்னேன்.

"பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. உங்க நட்டெல்லாம் நல்லாத்தான் கீது. தொரை சொம்மாதான் வரச் சொல்றான்."

அவரு சிரிச்சாரு.

"தெரியும்மா. ட்ரெய்லர் லாரி ஷெட்டுல முப்பது வருசம் நான் பார்த்த வேலையே வீல் மாட்றதுதான். மொத நாளு அவன் மாட்டுன மாட்டுக்கு, காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடற வரைக்கும் அந்த நட்டு அசையாது."

"அப்ப இன்னாத்துக்கு வர்றீங்க?"

"அவன் குடும்பம் ஊரோட தங்கிடுச்சு. கடையிலயே ஆக்கித் தின்னுட்டு கடையிலயே படுத்துக்குறான். நான் வந்தாத்தான் ஸ்டூலைப் போட்டு ஒக்காந்து ஒரு டீ குடிக்கிறான். நானும் வராம வுட்டா அவனுக்கு யாரும்மா கீறாங்க? அவனாண்ட சொல்லிடாத."

சொல்லிட்டு காராண்ட போயிட்டாரு.

என் வூட்டுக்காரரு போய் ஆறு வருசம். சாயங்காலமானா டிவிய ஓட வுட்டுட்டு, அதையும் பாக்காம ஒக்காந்துகினு இருப்பேன். எனக்கு நட்டு டைட் பண்ண ஒரு காருகூட இல்ல.

எதிர்ல டிக்கு டிக்குனு சத்தம் கேட்டுது.

"நல்லவேளை வந்தீங்கய்யா," ஞானதுரை நிமிந்தான். "பின்னாடி ரெண்டு நட்டு லூசு."

"ஆமாப்பா. வர்றப்பவே லேசா ஆடுச்சு," பெரியவரு தலையாட்டினாரு.

கண்டெய்னர் லாரி ஒண்ணு போனதும், என் ஸ்டூலைத் தூக்கிகினு ரோட்டைத் தாண்டினேன்.

"எதிர்ல இட்லி ஊத்திகினு இருந்த எனக்கே நட்டு ஆடுன சத்தம் கேட்டுச்சு"ன்னு சொல்லி, அவங்க பக்கத்துல ஸ்டூலைப் போட்டேன்.