அணையாத கருவி

கிளமெண்ட் கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று, அவனுக்குத் திசை காட்டும் ஜி.பி.எஸ் கருவி வீட்டிலேயே கிடந்தது. முந்தின நாள் குழம்புக்குத் தேங்காய் அரைக்க, அவன் மனைவி ரெஜினாள் பேட்டரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் சொருகினாள். திரும்ப மாட்ட மறந்துபோனாள்; மறுநாள் பேட்டரியில் சார்ஜ் இல்லை. "சவத்த விடு, தெரிஞ்ச கடல்தான" என்று சிரித்துக்கொண்டே அவன் கிளம்பினான்.

இப்போது அந்தக் கருவி ஜன்னலோரம் அணையாமல் இருக்கிறது. ஒரு சோடி பேட்டரி உள்ளே இருக்கும்போதே மறுசோடிக்கு அவள் சார்ஜ் ஏற்றிவிடுகிறாள். போன தடத்தைக் காட்டும் கறுப்புக் கோடு திரையில் தானாக நடக்கிறது. அவள் கண்ணுக்கு அது அடுப்படிக்குப் போகிறது, கட்டிலைச் சுற்றுகிறது, வாசலில் வெகுநேரம் நிற்கிறது.

"மைனி, ஒரே எடத்துல கெடந்தா மிஷின் அப்படித்தான் தடுமாறிக் கோடு போடும்" என்றான் கொழுந்தன் இஞ்ஞாசி. அவள் தலையாட்டினாள். அவன் போனதும், கோடு வரும் வழியிலிருந்த முக்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டாள்.

இன்று மத்தியானம் கோடு வாசலிலிருந்து நேரே வந்து அவள் பாயருகே நின்றது. திரையின் மூலையில் பேட்டரி தீர்ந்துகொண்டிருப்பதாக மினுங்கியது. சார்ஜரிலிருந்து எடுத்த இரண்டும் அவள் உள்ளங்கையில் இளஞ்சூடாக இருந்தன. மாற்ற அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் கருவி அணைந்துதான் இருக்கும்.

"இங்கனயே இருங்க, எங்கயும் போயிராதீங்க" என்று பாயின் வெற்றிடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு கருவியின் பேட்டரி மூடியில் நகத்தை வைத்தாள். நகம் அங்கேயே நின்றது.