மருந்துக்குச் சாகாத புழு

கண் விழித்தபோது வெயில் நெற்றிக்கு ஏறியிருந்தது. வாசல் படியிலேயே, ஷூவைக்கூடக் கழற்றாமல், அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருக்கிறான்.

கை சட்டைப் பைக்குப் போனது. தீப்பெட்டி இல்லை.

அவனுக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது.

அம்மா போன பிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அத்தை வந்து ஒரு பாட்டம் அழுதாள். டாக்டர் மாத்திரை எழுதினார். எல்லாருக்கும் அப்பா முதுகைத்தான் காட்டினார்.

கடைசியில் அவரை எழுப்பியது புழு. அம்மாவின் ரோஜாத் தொட்டியில், இலைக்கு இலை, பச்சைப் பச்சையாக.

"அவ செடிடா! மொட்டையடிச்சுட்டு நிக்குதுங்க பாரு!" என்று பல் விளக்காத வாயோடு வந்து நின்றார்.

தொட்டால் அத்தனையும் ஒன்றாக வாலைத் தூக்கின. ரம்ப ஈ என்றான் பூச்சிமருந்துக் கடைக்காரன். பட்டாம்பூச்சி ஆகிற ரகம் இல்லையாம். தாய்ப்பூச்சி வாலில் இருக்கிற ரம்பத்தால் தண்டை அறுத்து உள்ளே முட்டை வைக்குமாம். சாதாரணப் புழு மருந்து இதற்குக் கேட்காது என்றான்.

இவன் அந்தச் சாதாரண மருந்தையேதான் கேட்டு வாங்கி வந்தான். புழு செத்துவிட்டால் அப்பா திரும்பப் படுத்துவிடுவார்.

அப்பா அடித்துப் பார்த்தார். சாகவில்லை. கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார். புழுவைத் திட்டினார், மருந்தைத் திட்டினார், இவனைத் திட்டினார். டீ கேட்டார்.

ஒருவழியாகப் புழு தீர்ந்தது. மறுபடி சுவர்.

அதிலிருந்து நைட் ஷிஃப்ட் முடிந்ததும் ஃபேக்டரி வாசல் ரோஜா வேலியில் குனிந்து தேடுவான். கிடைத்ததைத் தீப்பெட்டியில் போட்டு, அப்பா எழுவதற்குள் இலையில் விட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்க மூட்டை, விடிந்தால் புழு. என்ன பிழைப்போ.

இன்றைக்கு விடவில்லை. தூங்கித் தொலைத்துவிட்டான். சுத்தமான செடியைப் பார்த்துவிட்டுப் படுத்திருப்பார். இந்த முறை எழமாட்டார்.

உள்ளே ஓடினான். கட்டில் காலி.

பின்பக்கம் அப்பா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இலையைத் திருப்பித் திருப்பிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். தொட்டி விளிம்பில் தீப்பெட்டி திறந்து கிடந்தது.

அவர் திரும்பவில்லை.

"நான் எடுத்து விடறதுக்குள்ள பாதி மூச்சு முட்டிச் செத்துப்போச்சுடா. நாளைக்காவது பெட்டியில ரெண்டு ஓட்டை போட்டு எடுத்துட்டு வா."