ஏ என்பவரும் பி என்பவரும்

"இனிமே பாதிப் பாதி எல்லாம் கிடையாது மேஸ்திரி. கணக்குப்படி பிரிச்சுக் கொடுங்க" என்று மடித்த தாளை நீட்டினான் மின்னல்.

பெயின்டர்கள் இரண்டு பேர். கை வேகத்துக்காக ஒருவனுக்கு மின்னல் என்று பெயர். இன்னொருவன் நிதானம். அது பாராட்டி வைத்த பெயர் இல்லை. மூன்று வருஷமாக ஜோடி. சேர்ந்து செய்கிற வேலைக்கு எவ்வளவு கூலி வந்தாலும் ஆளுக்குப் பாதி.

தாளில் இருந்தது மின்னலின் மனைவி போட்ட கணக்கு. அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். அன்று காலை அடுப்படியில் நின்றபடியே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்: "ஒரு வேலையை ஏ என்பவர் தனியாக இத்தனை நாளில் முடிப்பார், பி என்பவர் இத்தனை நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால், கூலியை எப்படிப் பிரிப்பது?"

பல் விளக்கிக்கொண்டிருந்த மின்னல் அப்படியே நின்றுவிட்டான்.

"இது எங்க கதைடி. போன மாசம் எதிரெதிர் வீடு ரெண்டு, ஒரே அளவு. ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். நான் ஆறாம் நாளே சாவியைக் கொடுத்துட்டு உங்க அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கிட்டேன். அவன் முடிக்க பன்னெண்டு நாளாச்சு. இப்போ அதே அளவுல மூணாவது வீடு, ரெண்டு பேரும் சேர்ந்து. போட்டுப் பாரு."

"நாலு நாள் வருது."

"நாலே நாள்தான் ஆச்சு."

"அப்போ நீங்க ஏ, அவர் பி. உங்களுக்கு ரெண்டு பங்கு, அவருக்கு ஒண்ணு. ஒன்பதாயிரத்துல உங்களுக்கு ஆறாயிரம்."

அவளுடைய பயிற்சி வகுப்புக்கு நாலாயிரம் கட்ட மறுநாள்தான் கடைசி. பாதிக் கூலி வந்தால் அதைக் கட்டியது போக வீட்டுக்கு ஐந்நூறுதான் மிஞ்சும். ஆறாயிரம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிதானம், நீ என்ன சொல்றே?"

அவன் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். "தங்கச்சி போட்ட கணக்கு தப்பா இருக்காது. அப்படியே கொடுத்துடுங்கண்ணே."

மின்னலுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

"மனசுல வச்சுக்காதே மாப்ளே. இந்த வீட்டையே எடுத்துக்கோ. நான் ரோலரை உருட்டிக்கிட்டு முன்னாடி போறேன். நீ சின்ன பிரஷ்ஷை வச்சுத் தடவிக்கிட்டே பின்னாடி வர்றே."

நிதானம் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது. ஆறு நாள்காரனுக்கு ரெண்டு பங்கு, பன்னெண்டு நாள்காரனுக்கு ஒரு பங்கு. சம்மதமா?"

"சம்மதம்."

மேஸ்திரி எச்சில் தொட்டு எண்ணினார். மூவாயிரத்தை மின்னல் கையில் வைத்துவிட்டு ஆறாயிரத்தை நிதானத்திடம் நீட்டினார்.

"மேஸ்திரி, மாத்திக் கொடுக்கறீங்க."

"மாத்தலை."

"அண்ணே, வேண்டாம்" என்றான் நிதானம் அவசரமாக.

"நீ சும்மா இரு. எத்தனை நாளைக்குத்தான் நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கறது?" மேஸ்திரி மின்னல் பக்கம் திரும்பினார். "நீ சாவி கொடுத்த அன்னிக்கு சாயங்காலமே இவனும் கொடுத்துட்டான். ஊருக்குக் கிளம்பற அவசரத்துல நீ எதிர் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கலை. உன் வீட்டைத் திறந்து பார்த்தா, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலே அடிச்சு வச்சிருக்கே. சுவரெல்லாம் பெயின்ட் வழிஞ்சு நிக்குது. உன்னை அன்னிக்கே நிறுத்திடலாம்னு இருந்தேன். 'அவன் வேலை போனா தங்கச்சி படிப்பு நின்னுடும், நானே சரி பண்ணிடறேன், கேட்டா என் வீடுதான் லேட்டுன்னு சொல்லிடுங்க'ன்னு இவன் கெஞ்சினான். மிச்ச ஆறு நாளும் கூலி இல்லாம இவன் சுரண்டி அடிச்சது உன் வீட்டுச் சுவரை. இப்போ நீயே சொல்லு, யாரு வீடு ஆறு நாள், யாரு வீடு பன்னெண்டு நாள்?"

சின்ன பிரஷ் ஏன் பின்னாடியே வந்தது என்று மின்னலுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நிதானம் தன் பணத்திலிருந்து மூன்று ஐந்நூறை உருவி அவன் சட்டைப் பையில் செருகினான்.

"எப்பவும் போல பாதிதான். நாளைக்கு ஃபீஸ் கட்டணும்ல?"

எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போன கையை விடாமல் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி பாஸ் பண்ணட்டும் மாப்ளே. அப்புறம் பார்த்துக்கலாம்."

வீட்டில் மனைவி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"நாலாயிரத்து ஐந்நூறுதானே இருக்கு? என் கணக்கைக் காட்டினீங்களா இல்லையா?"

"காட்டினேன்."

"தப்புன்னுட்டாங்களா?"

மின்னல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"கணக்கு ரொம்பச் சரி. நான்தான் பி."