கஸ்கோ கட்டாயம்

கணவாய் மீன் தட்டுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி அலறியது. விக்னராஜா கத்தியைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு எடுத்தார். மகள் கேசிகாவின் வகுப்பாசிரியை.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் இத்தாலிய மொழியில் படபடவென்று பேசினார். பாதி வார்த்தைகள்தான் வந்து சேர்ந்தன. "கேசிகா... சென்ஸா கஸ்கோ... நொன் சி முவோவே..." அதோடு இணைப்பு அறுந்தது.

கஸ்கோ என்றால் ஹெல்மெட். அது இல்லை. பிள்ளை அசையவில்லை.

விக்னராஜா திருப்பி அழைத்தார். கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தார். மலையில் சிக்னல் இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அன்று காலைதான் பஸ்ஸில் மதோனியே மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடக் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் வேலை செய்யும் மீன் உணவகமோ பலெர்மோ நகரின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் இருந்தது. இரண்டு மணி நேரப் பயணம்.

"என்னண்ணை, முகம் வெளிறிப் போச்சு?" பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜோக்கிம் கேட்டான்.

"பிள்ளை விழுந்திட்டாளடா. அசையிறாள் இல்லையாம்."

போன கிழமை வந்த அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டது அவர்தான். சறுக்குப் பலகையும் சப்பாத்தும் அங்கே தருவார்கள், கஸ்கோ மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவது கட்டாயம் என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள். அந்தத் தாளை மனைவி சந்திரமதியிடம் காட்டக்கூட அவருக்கு நேரமில்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், "பிள்ளையின்ர பயணத்துக்குக் கஸ்கோ வேணுமாம், மறந்திடாதையும்" என்று வாசலில் நின்றபடி சொன்னதோடு சரி.

"இதென்ன பெரிய வேலை? நான் பாக்கிறன்" என்றிருந்தாள் அவள்.

இப்போது அவளை அழைத்தார். ஒரேத்தோ வீதியில் அவள் வேலை செய்யும் பழக்கடையில் நல்ல கூட்டம் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னால் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவாள். குரலை அடக்கிக்கொண்டார்.

"இஞ்சரும், பிள்ளைக்குக் கஸ்கோ வைச்சு விட்டனீரோ?"

"ஓமப்பா. நல்ல பெரிசாத் தெரிஞ்செடுத்து, நசியாமல் துவாயால சுத்தி, பாக்கில மேலாலை வைச்சனான். ஏன், இன்னும் எடுக்கேல்லையாமோ?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

தொலைபேசியை வைத்தார். பைக்குள் இருந்திருக்கிறது. தலையில் போடாமல் சறுக்கியிருக்கிறாள். முடி கலையும் என்று குளிருக்குத் தொப்பிகூடப் போடாதவள். அனுப்பாமலே விட்டிருக்கலாம்.

ஜோக்கிம் ஏப்ரனைக் கழற்றி எறிந்தான். "வாங்கோ அண்ணை, என்ர மோத்தோரினோவில ஏறுங்கோ."

"அது மலை ஏறுமோடா?"

"பலெர்மோவைத் தாண்டுமோ எண்டே தெரியாது. அதுக்காக இஞ்சை நிண்டு கணவாய் வெட்டுறதோ?"

வெளியே வந்தார்கள். ஜோக்கிம் ஸ்கூட்டரை உதைத்தான், உதைத்தான். வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. தன் ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் வைத்தான். விக்னராஜா வாரைக் கொளுவப் பார்த்தார். அந்தச் சின்னக் கொளுக்கியை மாட்டக்கூட அவரால் முடியவில்லை.

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவினம் ஜோக்கிம்? அதையாவது ஆரிட்டையடா கேக்கிறது?"

ஜோக்கிம் இன்னொரு தடவை உதைத்தான்.

தொலைபேசி மீண்டும் அலறியது. ஆசிரியையின் எண். ஆனால் கேட்டது மகளின் அழுகுரல்.

"அப்பா..."

"என்ர குஞ்சு! எங்கையம்மா நோகுது? தலையிலயோ?"

"எனக்கு ஒண்டும் நோகேல்லை. கஸ்கோ இல்லாட்டி சறுக்க விடமாட்டினமாம். இஞ்சை வேற கஸ்கோவும் இல்லையாம். எல்லாரும் சறுக்கப் போயிட்டினம், நான் மட்டும் வாங்கில இருக்கிறன். அசையமாட்டன் எண்டிட்டன். அதுதான் ரீச்சர் உங்களுக்கு எடுத்தவா."

விக்னராஜா அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பியதும் கூடவே கோபமும் வந்தது.

"கஸ்கோ இல்லையோ? அம்மா பாக்கில வைச்சது எங்கையடி?"

"பாக்கிலதான் கிடக்கு. திறந்தவுடனை முழு வகுப்பும் சிரிச்சது."

"சிரிச்சால் சிரிக்கட்டும்! வடிவு பாக்காமல் அதை எடுத்துத் தலையில போடு!"

மறுமுனையில் ஒரு விம்மல். பிறகு கேசிகா கத்தினாள்:

"அப்பா, அம்மாவின்ர பழக்கடையில கஸ்கோ எண்டால் வாழைப்பழச் சீப்பு!"